வெயிலிலும் சூளையோரத்திலும் பணிபுரிவோருக்கான தோல் வறட்சிப் பராமரிப்பு

கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலம், பீங்கான் பொம்மைகளுக்கும் மின்காப்புப் பொருள்களுக்கும் பெயர்பெற்ற ஊர். மண் பிசைதல், அச்சில் வார்த்தல், வெயிலில் உலர்த்துதல், சூளையில் சுடுதல் எனப் பணி எதுவாயினும், இத்தொழிலில் தோல் வறட்சி எளிதில் ஏற்படும். இதனைச் சிறு தொல்லை எனக் கருதி விட்டுவிட வேண்டாம். வெடித்த தோல், நோய்க்கிருமிகள் உடலுக்குள் நுழையும் வழியாகும்.

தோல் ஏன் வறள்கிறது?

தோலின் மேலடுக்கிலுள்ள கொழுப்புப் பொருள், உடலின் ஈரம் வெளியேறாமல் காக்கிறது. கையில் ஒட்டி உலரும் களிமண் அந்த நெய்ப்பசையை உறிஞ்சிவிடுகிறது. அடிக்கடி நனைந்து உலர்வதும், சலவைச் சோப்பும், வெயிலும், சூளை வெப்பமும் வறட்சியை மிகுவிக்கின்றன. போதிய தண்ணீர் குடிப்பது வெப்பத் தாக்கத்தைத் தவிர்க்க அவசியம். எனினும், அது மட்டுமே தோல் வறட்சியைப் போக்காது.

செய்ய வேண்டியவை

• கையில் மண் காய்ந்து இறுகுவதற்கு முன் சாதாரண நீரில் கழுவவும்.
• ஈரத்தை ஒற்றியெடுத்து, சில நிமிடங்களுக்குள் வாசனையற்ற களிம்பு, பெட்ரோலியம் ஜெல்லி அல்லது தேங்காய் எண்ணெய் தடவவும். ஈரத்தின் மேல் தடவினால்தான் அது தோலில் தங்கும்.
• பணியின்போது எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டுமாயின், இரவில் தாராளமாகத் தடவிக்கொள்ளவும்.
• முழுக்கைப் பருத்திச் சட்டையும் தலைப்பாகையும் அணியவும்.
• உலர்ந்த மண்தூசியைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்கவும். இது நுரையீரலுக்கும் நல்லது.

தவிர்க்க வேண்டியவை

• மண்ணெண்ணெயால் கை கழுவுதல். கல்லால் அழுத்தித் தேய்த்தல்.
• பித்தவெடிப்பைப் பிளேடால் சீவுதல்.
• மருத்துவர் ஆலோசனையின்றி ஸ்டீராய்டு களிம்பு பூசுதல்.
• சுழலும் இயந்திரத்தின் அருகே கையுறை அணிதல்.

நீரிழிவு உள்ளவர்கள் கவனத்திற்கு

பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெடிப்பின் வலி தெரியாது. எனவே நாள்தோறும் பாதங்களைப் பார்வையிடவும். இயலாதவர்களுக்குக் குடும்பத்தினர் பார்த்துச் சொல்லவும். வெறுங்காலுடன் சூளையருகே செல்ல வேண்டாம்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

• வெடிப்பில் சீழ், வீக்கம், இரத்தக்கசிவு அல்லது காய்ச்சல் இருந்தால்.
• இரண்டு வாரப் பராமரிப்பிற்குப் பின்னும் அரிப்பும் சிவப்பும் குறையாவிட்டால்.
• வெளிறிய அல்லது சிவந்த படையில் உணர்ச்சி இல்லாவிட்டால். இது தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். அரசு மருத்துவ நிலையங்களில் இதற்கான கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசம். தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றால் ஊனத்தைத் தவிர்க்கலாம்.

மருத்துவரிடம் செல்லும்போது உங்கள் பணியின் தன்மையையும், கையாளும் பொருள்களையும் தவறாமல் தெரிவிக்கவும். நோயின் காரணத்தைக் கண்டறிய அது பெரிதும் உதவும்.