பேரு அவங்களோடது, நிலம் கிளப்போடது

இன்னைக்கு எபிசோட் ஒரு கோல்ஃப் கிளப்பைப் பத்தி. ஹெட்ஃபோனைக் கழட்டிடாதீங்க, எனக்கும் கோல்ஃப் ஆடத் தெரியாது. இது நிலத்தோட கதை.

நியூயார்க் மாநிலம், லாங் ஐலண்டின் கிழக்குப் பக்கம் சவுத்ஹாம்ப்டன்னு ஒரு ஊர். கோடைக்கு அங்கே வந்து தங்குற பணக்காரர்கள் சேர்ந்து 1891-ல் ஆரம்பிச்சதுதான் ஷின்னெக்காக் ஹில்ஸ் கோல்ஃப் கிளப். பெண்களையும் உறுப்பினரா சேர்த்தாங்க. அவங்களுக்குன்னு தனியா 9 குழி மைதானமே போட்டாங்க. அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம்தான்.

ஆனா ஷின்னெக்காக்ங்கிறது யார் பேரு? அந்த மண்ணோட பூர்வகுடிகள் பேரு. 1703-ல் ஊர் நிர்வாகம் இந்தக் குன்றுகளை அவங்களுக்கு 1,000 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. ஆமா, அவங்க நிலத்தை அவங்களுக்கே! அந்த ஆயிரம் வருஷமும் 156 வருஷத்துல முடிஞ்சு போச்சு. 1859-ல் ஒரு மனுவைக் காட்டி, மாநில சட்டமன்றத்தோட ஒப்புதலோட குத்தகையை முடிச்சுட்டாங்க. மனுவுல இருந்த கையெழுத்துகள் போலின்னு ஷின்னெக்காக் மக்கள் சொல்றாங்க. 1870-ல் ரயில் வந்தது, பின்னாடியே பணக்காரங்க வந்தாங்க.

மைதானத்தை வெட்டிச் சீராக்க ஆள் வேணுமே? ஷின்னெக்காக் ஆண்களையே கூலிக்கு வெச்சாங்க.

1896-ல் யூ.எஸ். ஓபன் இங்கே நடந்தது, அதுதான் ரெண்டாவது யூ.எஸ். ஓபன். கிளப்பில் வளர்ந்த ரெண்டு பசங்க பேர் கொடுத்தாங்க: ஆஸ்கர் பன், ஷின்னெக்காக், ஜான் ஷிப்பென், கறுப்பினப் பையன், வயசு 16. இவங்க ஆடினா நாங்க ஆட மாட்டோம்னு மத்த வீரர்கள் மிரட்டினாங்க. சங்கத் தலைவர் தியோடர் ஹேவ்மேயர் அசையவே இல்லை. ரெண்டு பேர் மட்டும் ஆடினாலும் போட்டி நடக்கும்னுட்டார். கடைசியில எல்லாரும் ஆடினாங்க. முதல் சுற்றில் ஷிப்பென் முன்னணியில். ரெண்டாவது சுற்றில், 13-வது குழியில் பந்து மணல் பாதையில போய் மாட்டிக்க, அந்த ஒரு குழிக்கே 11 அடி. ஜெயிச்சவரைவிட மொத்தத்தில் 7 அடிதான் அதிகம்! எனக்கே வயிறு எரியுது.

இப்ப இருக்கிற மைதானம் வில்லியம் ஃப்ளின் வடிவமைச்சது, 1931-ல் திறந்தது. 2005-ல் ஷின்னெக்காக் மக்கள், கிளப் இருக்கிற இடத்தையும் சேர்த்து நிலத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டாங்க. ரொம்பக் காலம் கடந்துடுச்சுன்னு நீதிமன்றம் தள்ளுபடி செஞ்சது. மத்திய அரசு அவங்களைப் பூர்வகுடி இனமா அங்கீகரிச்சதே 2010-லதான். 2018-ல் யூ.எஸ். ஓபன் மறுபடி அங்கேயே நடந்தது. அவங்க குடியிருப்பு அங்கிருந்து சில மைல் தூரம்தான்.