பிதாகரஸ் எதிர்பார்ப்பு (அமெரிக்கக் கால்பந்து)

ஓர் அணி எடுத்த புள்ளிகளையும் விட்டுக்கொடுத்த புள்ளிகளையும் கொண்டு அதன் வலிமையை மதிப்பிடும் சூத்திரம். பேஸ்பாலுக்காக இதை உருவாக்கியவர் பில் ஜேம்ஸ். அமெரிக்கக் கால்பந்துக்கு ஏற்ப அடுக்கை 2.37 ஆக்கியவர் டேரில் மோரி. எடுத்த புள்ளிகளின் 2.37ஆம் அடுக்கை, இருவகைப் புள்ளிகளின் அதே அடுக்குகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் எதிர்பார்க்கத்தக்க வெற்றி விகிதம் கிடைக்கும். மயிரிழை வெற்றிகளில் கலந்துள்ள அதிர்ஷ்டத்தை இது ஓரளவு வடிகட்டிவிடும்.

இந்தச் சூத்திரம் பல ஆட்டங்களின் கணக்கைக் கொண்டது; பிளேஆஃப் சுற்றிலோ ஒரே ஆட்டத்தில் எல்லாம் முடிந்துவிடும். 2007 பருவத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 589 புள்ளிகள் எடுத்து, 274 மட்டுமே கொடுத்து, லீக் ஆட்டங்கள் 16-ஐயும் வென்றது. நியூயார்க் ஜயன்ட்ஸின் கணக்கு வெறும் 373-க்கு 351. ஆனாலும் 2008 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தை 17-14 என வென்றது ஜயன்ட்ஸ்தான். கடைசி லீக் ஆட்டத்தில் இதே அணிகள் மோதியபோது பேட்ரியாட்ஸ் 38-35 என வென்றிருந்தது. வெறும் மூன்று புள்ளி வித்தியாசம்.