பாபர் தலைமேல் விழுந்த டேரா

1529-ம் வருடம். மே மாதக் கடைசி. ரமலான் மாத இரவுத் தொழுகையை முடித்துவிட்டுத் தன் கூடாரத்துக்குள் எழுத உட்கார்ந்தார் பாபர். மூன்று வாரங்களுக்கு முன்புதான் காக்ரா நதிக்கரையில் ஆப்கானியர்களைத் தோற்கடித்திருந்தார். எதிரிகள் சிதறி ஓடியாச்சு. இனி என்ன பயம்?

திடீரென்று வானம் இருண்டது. மழை மேகங்கள் திரண்டு, கண் மூடித் திறப்பதற்குள் புயல்! முகாமில் அநேகமாக எல்லாக் கூடாரங்களும் சாய்ந்தன. பாபர் காகிதங்களைச் சேர்த்து அள்ளக்கூட நேரமில்லை. முகப்புப் பந்தலோடு சேர்ந்து மொத்தக் கூடாரமும் சக்கரவர்த்தியின் தலையிலேயே இறங்கியது.

ஆளுக்கு அடி இல்லை. ஆனால், எழுதி வைத்திருந்த தாள்கள் தண்ணீரில் மிதந்தன. அவை சாதாரணத் தாள்கள் அல்ல, பாபரின் சுயசரிதை! பொறுக்கிச் சேர்த்து, சிம்மாசனத்தில் விரிக்கும் கம்பளிக்குள் மடித்து வைத்து, மேலே போர்வைகளைக் குவித்தார்கள். முக்கால் மணி நேரத்தில் புயல் ஓய்ந்தது. பிறகு படுக்கைக் கூடாரத்தை நட்டு, விளக்கேற்றி, படாதபாடுபட்டு நெருப்பு மூட்டி... விடியும்வரை இந்தியாவின் பாதுஷா தூங்காமல் தாள் தாளாக உலர்த்திக்கொண்டிருந்தார். இதையும் அவரேதான் எழுதி வைத்திருக்கிறார்!

இன்று நம் கையில் உள்ள பாபர் நாமாவில் வருடக்கணக்கில் பெரிய இடைவெளிகள் உண்டு. அந்தப் பக்கங்களில் சில இந்த இரவில்தான் போயினவோ என்று சந்தேகப்பட்ட ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

வடக்கே கூடாரத்துக்கு 'டேரா' என்று பெயர். வந்த விருந்தாளி கிளம்புகிற வழியாக இல்லை என்றால், "டேரா போட்டுட்டாருப்பா" என்று நாம் முணுமுணுப்பது அதைத்தான். பாபர் வாழ்க்கையே டேராதான். பதினோரு வயதிலிருந்து ரம்ஜான் பெருநாளை அடுத்தடுத்த இரண்டு வருடங்கள் ஒரே ஊரில் கொண்டாடியதில்லை அவர். 1526-ல் ஆக்ராவில் கொண்டாடியாகிவிட்டதால், வழக்கம் கெடக்கூடாது என்று 1527-ல் சிக்ரிக்குப் போய்க் கூடாரம் போட்டார்!

மகன் ஹுமாயூனுக்கும் டேரா ராசி சரியில்லை. 1535-ல் குஜராத்தின் காம்பேயில் பழங்குடியினர் இரவோடு இரவாக முகாமில் புகுந்து கொள்ளையடித்தார்கள். அவர் கூடவே கொண்டுபோன அரிய புத்தகங்களும் பறிபோயின. தைமூரின் வரலாற்றைச் சொல்லும் ஓவியப் பிரதி ஒன்று பிற்பாடு திரும்பக் கிடைத்தது.

கூடாரம் போடுவதை ஒழுங்காகச் செய்யவைத்தவர் பேரன் அக்பர். 'அயினி அக்பரி'யில் அபுல் ஃபஸல் தரும் கணக்கைப் படித்தால் மூச்சு முட்டும். ஒரு முகாமைத் தூக்கிச் செல்ல 100 யானைகள், 500 ஒட்டகங்கள், 400 வண்டிகள், 100 சுமைதூக்கிகள். கூடாரம் நட 'ஃபராஷ்' எனப்படும் ஆட்கள் 1,000 பேர். நிலத்தைச் சமன்செய்ய 500, தண்ணீருக்கு 100, பெருக்க 150 பேர். 'பார்கா' என்ற பெரிய தர்பார் கூடாரத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் கொள்ளும். அதை நிறுத்த அந்த ஆயிரம் ஃபராஷ்களுக்கும் இயந்திரங்களின் உதவியோடு ஒரு வாரம் ஆகும். அலங்காரம் இல்லாத சாதா பார்காவின் விலையே பத்தாயிரம் ரூபாய்க்கு மேல்! நம் கல்யாண வீட்டு ஷாமியானாவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. என்ன, அங்கே அது சில்லறை அயிட்டம்.

அக்பரிடம் அரச கூடாரம் ஒரே மாதிரி இரண்டு செட். ஒன்றில் அவர் தூங்கும்போதே இன்னொன்று அடுத்த ஊருக்குப் போய்விடும். ராஜா குதிரையை விட்டு இறங்கும்போது கூடாரம் தயார்.

இதெல்லாம் பணம் இருந்தால் யாரும் செய்வார்கள் என்று தோன்றலாம். எனக்கு வியப்பு, அவர் போட்ட வரைபடம்தான். பெரும்படை ஓர் இடத்தில் இறங்கினால் முன்வரிசை எது, பின்வரிசை எது என்று தெரியாமல் முன்பெல்லாம் ஒரே குழப்பம். அக்பர் எந்த ஊரானாலும் ஒரே அமைப்பு என்று ஆக்கினார். அந்தப்புரம், தர்பார், நகரா மண்டபம் மூன்றுக்கும் சேர்த்து 1,530 கஜ நீளம். வாசலில் 40 கஜ உயரக் கம்பம், அதைத் தாங்க 16 கயிறுகள், உச்சியில் 'ஆகாச தியா' என்ற விளக்கு. இருட்டில் வழி தவறியவன் அதைப் பார்த்துத் தன் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். 1581-ல் காபூல் படையெடுப்பில் கூடவே போன மான்செராத் பாதிரியார், முகாமின் கடைவீதிகளைப் பார்த்து இது நகரமேதான் என்று அசந்துபோனார்.

குடும்பத்துக்கும் இடம் குறித்திருந்தது. வலப்பக்கம் மூத்த மகன் சலீம், இடப்பக்கம் முராத். நடுவில் அக்பரின் தாயார், இளையவன் தானியால், கூடவே அக்பரின் அத்தை குல்பதன் பேகம். கூடாரம் சரிந்த அந்த இரவு பாபரின் மகளான குல்பதனுக்கு ஆறு வயது இருக்கும்.

வயதான காலத்தில் அந்தப் பாட்டியிடம், "அப்பாவைப் பற்றியும் அண்ணனைப் பற்றியும் நினைவிருப்பதை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டார் அக்பர். எழுதினார். 'ஹுமாயூன் நாமா' என்ற அந்தப் புத்தகத்துக்கு இன்று ஒரே ஒரு கையெழுத்துப் பிரதிதான் இருக்கிறது, லண்டனில். அதிலும் கடைசித் தாள்கள் இல்லை. கதை பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறது.