சூழலிசை பிறந்த வரலாறு

இசையைச் செவிசாய்த்துக் கேட்பதே முறை என்பது நாம் பயின்ற பாடம். ஆனால், கேட்போர் கவனித்தாலும் கவனியாவிடினும் தன் பணியைச் செய்யும் ஓர் இசையைப் படைக்க முனைந்தோரும் உளர். மின்னணுக் கருவிகளின் துணையோடு வளர்ந்த அவ்விசையே ஆம்பியன்ட் எனப்படும் சூழலிசை. இசையமைப்பாளன் என்பவன் யார் என்ற வினாவை அது புதிதாக எழுப்பியது.

இதற்கு முன்னோடி பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டி. 1917இல் ‘தளவாட இசை’ என்னும் கருத்தை அவர் உருவாக்கினார். மேசை நாற்காலிகள் போல இசையும் அறையில் ஒருபுறம் இருக்கட்டும் என்பது அவர் கொள்கை. 1920இல் பாரிஸ் நகரில், நாடக இடைவேளையொன்றில் அதனை இசைக்கச் செய்தார். அவையோரோ பழக்கம் காரணமாகப் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கலாயினர். ‘பேசுங்கள், நடமாடுங்கள்’ என்று சாட்டி அவர்களை வேண்டினாராம்! கருத்துப் பிறந்துவிட்டது, அதனை ஏற்கும் செவி இன்னும் பிறக்கவில்லை.

1975இன் தொடக்கத்தில் ஆங்கில இசைக் கலைஞர் பிரையன் ஈனோ லண்டனில் வாடகைக்கார் மோதிப் படுக்கையில் கிடந்தார். காண வந்த தோழி ஒருவர் ஹார்ப் எனும் நரம்பிசைக் கருவியின் இசைத்தட்டைத் தந்து சென்றார். அதனைச் சுழலவிட்டுப் படுத்த பின்னரே ஒலி மிகக் குறைவாயிருப்பதை ஈனோ உணர்ந்தார். இரு ஒலிபெருக்கிகளுள் ஒன்று இயங்கவுமில்லை. எழுந்து சரிசெய்ய உடலில் வலுவில்லை. மழையோசையினூடே அரைகுறையாய் வந்த அவ்விசை, சூழலின் ஒரு பகுதியாகவே அவருக்குத் தோன்றிற்று. சாட்டி வேண்டி நின்ற செவி, நோய்ப்படுக்கையில் வாய்த்தது எனலாம்.

அவ்வாண்டிலேயே ‘டிஸ்கிரீட் மியூசிக்’ என்னும் இசைத்தட்டு வெளிவந்தது. சிந்தசைசரில் எழுப்பிய இரு சிறு இசைத்தொடர்களை ஓர் ஒலிப்பதிவுக் கருவி நாடாவில் பதித்தது. அந்நாடா அடுத்த கருவியை அடைந்ததும் ஒலி மீண்டும் முதற்கருவிக்கே திரும்பியது. இவ்வாறு ஒவ்வோர் ஒலியும் சில விநாடிகளுக்குப் பின் மங்கித் திரும்பி, புதிய ஒலியோடு கலந்தது.

1978இன் ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ இம்முறையை மேலும் வளர்த்தது. அதன் ஒரு பகுதியில், தனித்தனிச் சுரமாகப் பாடிய குரல்கள் வெவ்வேறு நீளமுள்ள நாடா வளையங்களில் சுழன்றன. ஒன்று 23½ விநாடிக்கொருமுறையும், மற்றொன்று ஏறத்தாழ 26 விநாடிக்கொருமுறையும், வேறொன்று ஏறத்தாழ 30 விநாடிக்கொருமுறையும் ஒலித்தன. நீளங்கள் ஒவ்வாமையால் சேர்க்கைகள் மாறிக்கொண்டேயிருந்தன. பயணிகளின் அச்சத்தைத் தணிக்கவும், அறிவிப்புகளுக்கு இடைஞ்சலின்றி ஒலிக்கவும் கருதிச் செய்யப்பட்ட இவ்விசை, 1980இல் நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் ஒலிபரப்பப்பட்டது.

‘இயந்திரம் தானே இசைத்தால் இசையமைப்பாளனுக்கு என்ன வேலை?’ என்று மாணவர் வினவக்கூடும். எந்தச் சுரம், எத்தனை நீளம், இடையே எவ்வளவு மௌனம் என்பவற்றை இயந்திரம் தேர்ந்தெடுக்கவில்லை, மனிதனே தேர்ந்தான். விதையும் நிலமும் தேர்ந்த பின் விளைவைப் பயிரிடமே விட்டு நிற்கும் உழவனின் பொறுமை அது. அன்று நாடாவை வெட்டி ஒட்டிச் செய்ததை இன்று கணினி நொடியில் செய்கிறது. ஆயின், எப்போது கையை எடுக்க வேண்டும் என்பதைக் கணினியைக் கேட்டு அறிய இயலாது. செவியைப் பழக்கியே அறிய வேண்டும். வகுப்பறையில் நிற்கும் நமக்கும் இது புதிய பாடமன்று.