பாண்டிய நாட்டுக் குதிரைப் பராமரிப்பு

பாண்டிய நாட்டுக் குதிரைப் பராமரிப்பு என்பது, 13ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட பாண்டியர்களின் படைக்காகக் கடல்வழியே தருவிக்கப்பட்ட குதிரைகளுக்கு அளிக்கப்பட்ட தீனி, பழக்கம், மருத்துவம் ஆகியவற்றைக் குறிக்கும். இக்குதிரைகளுள் பெரும்பாலானவை விரைவிலேயே இறந்தன அல்லது பயனற்றுப் போயின என அயல்நாட்டார் இருவர் எழுதியுள்ளனர்.

இறக்குமதி

மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் ஓர்முசு, கீசு, ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து காயலுக்குக் குதிரைகள் வந்தன. ஆண்டுக்குப் 10,000 குதிரைகள் விற்கப்பட்டதாகவும், ஒன்றின் விலை 220 செம்பொன் தினார் எனவும் பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப் குறிப்பிடுகிறார். வழியில் இறந்த குதிரைக்கும் அரசே விலை கொடுத்ததாம். 1290களில் இங்கு வந்த வெனிசு நகரப் பயணி மார்க்கோ போலோ, அரச உடன்பிறப்பினர் ஐவரும் ஆளுக்கு 2,000 குதிரைகள் வாங்கியதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை எனவும் கூறுகிறார். இவ்வெண்கள் மிகையாக இருக்கலாம். எனினும் இழப்பு பெரிது என்பதில் இருவரும் ஒத்துப்போகின்றனர்.

தீனியும் பழக்கமும்

சோற்றுடன் இறைச்சியும் வேகவைத்துக் கொடுக்கப்பட்டது என்பது மார்க்கோ போலோவின் கூற்று. வறுத்த வாற்கோதுமை, வெண்ணெயிட்டு வேகவைத்த தானியம், காய்ச்சிய பசும்பால் ஆகியவற்றை வாசாப் சொல்கிறார். குதிரைகளை நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்கவைத்துப் பின் பயிற்சியின்றி முரட்டுத்தனமாக ஓட்டினர் என்றும் அவர் எழுதுகிறார்.

இன்றைய கால்நடை மருத்துவ அறிவுடன் பார்த்தால் இது நம்பக்கூடியதே. குதிரையின் இரைப்பை சிறியது. வாந்தி எடுக்கவும் அதனால் இயலாது. புல்லைக் குறைத்து மாவுப்பொருளை மிகுதியாகக் கொடுத்தால் கடும் வயிற்றுவலியும் குளம்பழற்சியும் தோன்றும். முழுத்தீனியுடன் பல நாள் கட்டிக்கிடந்த குதிரையைத் திடீரென விரட்டினால் தசைகள் சிதைந்து, சிறுநீர் கருத்து, அது எழ முடியாமல் விழும். வேகவைத்த தீனி மட்டுமே குற்றவாளி அன்று. தமிழ்நாட்டில் அவித்த கொள்ளு குதிரைக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வருகிறது. உண்ணிகளாலன்றிக் கடிக்கும் ஈக்களால் பரவும் சுர்ரா நோயும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அந்நோயின் கிருமியை 1880இல்தான் கிரிபித் எவான்சு பஞ்சாபில் கண்டறிந்தார்.

மருத்துவர் இன்மை

குதிரை மருத்துவம் அறிந்தோர் இந்நாட்டில் இல்லை எனவும், விற்பனை குறையாதிருக்க அத்தகையோர் இங்கு வராதபடி வணிகரே தடுத்தனர் எனவும் மார்க்கோ போலோ கூறுகிறார். இதனை அப்படியே ஏற்பதற்கில்லை. சாலிஹோத்திரர், நகுலன் ஆகியோர் பெயரால் வடமொழியில் குதிரை நூல்கள் வழங்கிவந்தன. நகுலனின் அசுவசாத்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1952இல் பதிப்பித்தது. ஆனால் ஏட்டிலிருந்த அறிவு லாயத்தில் குதிரையைத் தேய்த்துத் தீனி வைத்தவரிடம் எவ்வளவு சென்றது என்பது வேறு கேள்வி.

கைமருத்துவம்

உடலின் குறிப்பிட்ட புள்ளிகளை விரலால் அழுத்தும் அக்குபிரசர் முறை இக்காலத்தில் குதிரைகளுக்கும் செய்யப்படுகிறது. இதன் மூலம் சீன மருத்துவம். குதிரைக்கு ஊசி குத்தும் முறைகளைக் கூறும் புகழ்பெற்ற சீன நூல் 1608இல் வெளியானது. கால்நடைகளுக்கான ஊசிமுறை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2006ஆம் ஆண்டுக் கட்டுரை, உறுதியான சான்று இல்லை என்றே முடிவுசெய்தது. எனினும் தொடுகைக்குப் பயனே இல்லை எனக் கூற முடியாது. கழுத்தடியும் முதுகும் சேருமிடத்தில் சொறிந்துவிட்டால் குதிரையின் இதயத் துடிப்பு குறைவதை 1993இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு காட்டியது. குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிவிடுவதும் அவ்விடத்தில்தான். இது குதிரையை அமைதிப்படுத்தும். வயிற்றுவலியையோ குளம்பழற்சியையோ தீர்க்காது. அவற்றுக்குக் கால்நடை மருத்துவரை உடனே அழைக்க வேண்டும்.

மக்கள் வழக்கில்

மாணிக்கவாசகர் கதையில், பாண்டியனுக்காக நரிகள் குதிரைகளாக மாற்றப்படுகின்றன. இரவில் அவை மீண்டும் நரிகளாகி, லாயத்திலிருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடுகின்றன. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஆவணி மூலத் திருவிழாவில் நரியைப் பரியாக்கிய லீலை ஆண்டுதோறும் நடத்தப்படுகிறது.