நகரம் பிடித்தால் நுட்பம் இலவசம்

அக்கா மகன் ஊருக்குப் போகும்போது என் கணிப்பொறியில் 'சிவிலைசேஷன்' விளையாட்டை ஏற்றி வைத்துவிட்டுப் போனான். சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் வடிவமைத்து 1991இல் வெளியான முதல் பதிப்பு. அதில் இந்தியருக்குத் தலைவர் காந்தி, ஆங்கிலேயருக்கு எலிசபெத். ஒருநாள் ராத்திரி காந்தியின் பெயரில் படை திரட்டி ஆங்கிலேயரின் நகரம் ஒன்றைப் பிடித்தேன். பிடித்த கணமே, அதுவரை எனக்குத் தெரியாத ஒரு தொழில்நுட்பம் என் கணக்கில் சேர்ந்துவிட்டது. எந்தக் கொல்லனும் வரவில்லை. எந்த உலையும் மூட்டப்படவில்லை. இதைவிட வேடிக்கை, பறிகொடுத்த எலிசபெத்துக்கு அந்த அறிவில் ஒன்றுமே குறையவில்லை.

'விளையாட்டுதானப்பா, இதுல என்ன அரசியல்' என்று நண்பர்கள் சொல்லுவாங்க. பாடப்புத்தகத்தை வேண்டாவெறுப்பாகத் திறக்கிற பையன்கள் இதன் முன்னால் விடிய விடிய உட்காருகிறார்கள். அப்படியானால் இதுவும் ஒரு வரலாற்றுப் பிரதிதான். அதன் விதிகளை வாசித்தாக வேண்டும்.

விதிகள் எளிமையானவை. எல்லாத் தேசங்களுக்கும் ஒரே படிவரிசை. இரும்பு வேலையும் 'கண்டுபிடிப்பு' என்ற படியும் கைவந்தால் வெடிமருந்துக்குப் போகலாம். நீங்களாக ஆராய்ந்து அடையலாம். இல்லாவிட்டால் பகையாளியிடம் பண்டமாற்றுச் செய்யலாம், தூதனை அனுப்பித் திருடலாம், நகரத்தைப் பிடித்து எடுக்கலாம். பெரும் நூலகம் கட்டியவருக்கு, வேறு இரண்டு தேசங்கள் அறிந்தது தானாக வந்து சேரும். இந்த மரபில் பின்னர் தன்னார்வலர்கள் எழுதிய 'ஃப்ரீசிவ்' விளையாட்டில் 'கசிவு' என்றொரு விதி உண்டு. உங்கள் தூதரகம் இருக்கும் நாடுகளில் எத்தனை நாடுகளுக்கு ஒன்று தெரியுமோ, அந்த அளவுக்கு அதைக் கற்கும் செலவு குறையும். போட்டி தேசங்களுக்கிடையில் அறிவு சுவர் தாண்டும் என்பதை இவ்விதிகள் ஒப்புக்கொள்கின்றன. அந்த மட்டில் இவை தேசியவாத வரலாறுகளைவிட நேர்மையானவை எனலாம். ஆனால் தாண்டுகிறவர் யார்? அந்த ஆளை மட்டும் திரையில் காணோம்.

பிடித்த நகரத்திலிருந்து நுட்பம் எடுத்ததற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1780இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கும்பினிப் படையை ஹைதரும் திப்புவும் முறியடித்தபோது மைசூரின் ராக்கெட்டுகள் களத்தில் இருந்தன. அவற்றின் விசேஷம் இரும்புக் குழல். மூங்கிலோ காகிதமோ தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கும். ஆகவே அவை தூரம் போயின. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. கைப்பற்றிய ராக்கெட்டுகள் வுல்விச் ஆயுதசாலைக்குப் போயின. சில ஆண்டுகளில் வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டைச் செய்தார். 1807இல் அது கோபன்ஹேகனை எரித்தது. விளையாட்டின் விதி அப்படியே பலித்த மாதிரி இருக்கிறது, இல்லையா?

பாதிதான் பலித்தது. வுல்விச் கணக்கில் ஒன்று கூடியபோது ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கணக்கில் ஒன்று கழிந்தது. ராக்கெட் படை கலைந்தது; கும்பினிக்கு அடங்கிய மைசூரில் அந்த ஆயுதத்தைக் கேட்க யாருமில்லை. கேட்பார் இல்லாத கைவேலை ஒரு தலைமுறையில் செத்துப்போகும். விளையாட்டு கூட்டலை மட்டும் எழுதுகிறது. காலனியம் கழித்தலையும் செய்தது.

இன்னொன்று, போர்க்களத்தில் நடக்காதது. சோழமண்டலக் கரையின் சாயத்துணி ஐரோப்பியச் சந்தையைப் பிடித்ததும் அங்குள்ள அரசுகள் மிரண்டன. பிரான்ஸ் 1686இல் தடை போட்டது, 1759வரை நீக்கவில்லை. இங்கிலாந்து 1721இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதற்கே தடைச்சட்டம் கொண்டுவந்தது. சரக்குக்குத் தடை; வித்தைக்கு மட்டும் வரவேற்பு. தடை நடப்பில் இருந்தபோதே, 1742இல், புதுச்சேரிப் பக்கம் இருந்த சேசுசபைப் பாதிரியார் கேர்தூ, துணிக்குச் சாயம் ஏற்றும் முறையைப் படிப்படியாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார். கடுக்காய், எருமைப்பால், படிகாரம், சாயவேர். அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் மதம் மாறிய சாயக்காரர்கள். ஞானத் தகப்பனிடம் தொழில் ரகசியத்தைச் சொன்னபோது அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? கேர்தூவின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. வித்தை சொன்னவர்களுக்குப் பெயரில்லை.

இங்கிலாந்தே இதை நன்றாக அறிந்திருந்தது. இயந்திர ஏற்றுமதியை மட்டுமல்ல, கைத்தொழிலாளர் நாட்டை விட்டுப் போவதையும் அது சட்டத்தால் தடுத்தது. ஆள் தடை நீங்கியது 1824இல். இயந்திரத் தடை நீங்க 1843 ஆயிற்று. அதற்கிடையில்தான் சாமுவேல் ஸ்லேட்டர் என்ற இளைஞர் 1789இல் நூற்பு இயந்திரத்தைத் தலைக்குள் வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். திப்புவுக்கும் இது தெரியும். பிரெஞ்சு மன்னனுக்கு அனுப்பிய தூதுக்குழு வழியாக அவர் கேட்டவற்றில் கைவினைஞர்களும் உண்டு. நுட்பம் மனித உடம்பில் பயணம் செய்கிறது என்பதை அரசுகள் ஒருபோதும் மறக்கவில்லை. மறந்தது விளையாட்டு.

2013இல் வந்த 'யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4' இன்னொரு படி மேலே போனது. தேசங்களை மேலை, முஸ்லிம், இந்திய, சீன எனத் தொகுதிகளாகப் பிரித்து, ஒரே நுட்பத்துக்கு மேலைத் தொகுதியைவிட மற்றவர்களிடம் கூடுதல் விலை வாங்கியது. தப்பிக்க ஒரே வழி 'மேற்கத்தியமாதல்'. 2016இல் இந்த விதியை எடுத்துவிட்டு, ஓரிடத்தில் தோன்றி மாகாணம் மாகாணமாகப் பரவும் 'நிறுவனங்கள்' என்று மாற்றினார்கள். மறுமலர்ச்சி இத்தாலியில்தான் தோன்றும். சுவர் போய்விட்டது, மையம் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

இதற்கு எதிர்வினையாக 'ராக்கெட் எங்களுது, வெள்ளைக்காரன் திருடிட்டான்' என்று கிளம்பினால் போதுமா? நாசாவின் வாலப்ஸ் தளத்தில் திப்பு படையின் ராக்கெட் ஓவியத்தைக் கண்டதை அப்துல் கலாம் பெருமையோடு எழுதியிருக்கிறார். அந்தப் பெருமை எனக்கும் புரிகிறது. ஆனால் அதுவும் தேசத்தை உடைமையாளராக்கும் கதையாடல்தான். ஆட்டக்காரர் மாறுகிறார், ஆட்டம் மாறவில்லை. இரும்பை உருக்கியவர், குழலை அடித்தவர், சாயவேர் கிண்டியவர் இரண்டு கதையிலும் வெளியேதான் நிற்கிறார்கள். 1995இல் நடைமுறைக்கு வந்த டிரிப்ஸ் ஒப்பந்தமும் அறிவை உடைமையாகவே எழுதியது. அதன் கட்டாயத்தில் 2005இல் இந்தியா மருந்துப் பொருளுக்கே காப்புரிமை வழங்கத் தொடங்கியது. நேற்றுவரை பிடுங்கியவர்கள் இன்று வேலி போடுகிறார்கள்.

லீவுக்கு வந்த அக்கா மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ நகரத்தைப் பிடிச்சா அவனுக்கு அது மறந்துபோகணும்னு விதி வெச்சா சரியாயிடுமா மாமா?" என்றான். கழித்தல் வந்துவிடும். ஆனால் மறந்தது யார் என்ற கேள்விக்குத் திரை அப்போதும் ஒரு தேசத்தின் பெயரைத்தான் காட்டும். அவனிடம் அதைச் சொன்னேன். "அப்போ ஆளுங்களையும் வெக்கணும், நிறைய பேர் வேணுமே" என்று முனகிக்கொண்டே அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினான்.