தலைப்பில் பாதி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அண்ணாமலையார் ஆட்சி செய்யும் இந்த ஊரின் பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் கடலை கொறித்துக்கொண்டிருக்கும் குழந்தைச் செல்வங்களே!

"அரபுக் கதைகளைப் பிள்ளைகளுக்கு வெட்டிச் சுருக்கித்தான் சொல்லணும்" என்று எனக்கு முன்னால் பேசிய நண்பர் அடித்துச் சொன்னார். பாதி வழி நானும் அவரோடு வருகிறேன். ஆயிரத்தொரு இரவுகளை அப்படியே எட்டு வயதுப் பிள்ளை கையில் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா? வெட்டுங்கள். ஆனா எதை வெட்டுறீங்க? அதுதான் என் வழக்கு. ஒரே ஒரு கதையை எடுத்துக்கொள்கிறேன். அலிபாபா.

இந்தக் கதை ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுச் சுவடிகளில் இல்லை என்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். அந்துவான் கலான் என்ற பிரெஞ்சுக்காரர் 1704 முதல் அந்தக் கதைகளை மொழிபெயர்த்து வெளியிட்டார். கையில் இருந்த சுவடி தீர்ந்துபோச்சு. வாசகர்களோ இன்னும் இன்னும் என்கிறார்கள். அந்த நேரத்தில் சிரியா நாட்டு அலெப்போவிலிருந்து ஹன்னா தியாப் என்ற வாலிபர் பாரிசுக்கு வருகிறார். 1709 மே மாதம் அவர் வாயால் சொல்லச் சொல்லக் கலான் குறித்துக்கொள்கிறார். அலிபாபா கதை அப்படி வந்தது. அலாவுதீனும் அப்படித்தான். அச்சான புத்தகத்தில் கதை சொன்ன பையன் பெயர் வரவில்லை! கலானின் நாட்குறிப்பில்தான் இருக்கிறது.

அந்த நாட்குறிப்பில் இந்தக் கதைக்கு என்ன தலைப்பு தெரியுமா? 'மார்ஜியானாவின் சாமர்த்தியங்கள், அல்லது ஓர் அடிமைப் பெண்ணின் திறமையால் ஒழிந்த நாற்பது திருடர்கள்.' அலிபாபா பெயரே தலைப்பில் இல்லை! (கைத்தட்டல்) 1717இல் அச்சானபோது அலிபாபா முன்னே வந்து உட்கார்ந்துகொண்டார். அவள் 'ஓர் அடிமைப் பெண்' என்று வாலில் ஒட்டிக்கொண்டாள். 1889இல் ஆண்ட்ரூ லாங் ஆங்கிலப் பிள்ளைகளுக்காகத் தொகுத்த புத்தகத்தில் 'நாற்பது திருடர்கள்' மட்டும். தமிழுக்கு வாங்க. 1941இல் கலைவாணர் படம். 1956இல் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் எடுத்த, தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். இரண்டுக்கும் 'அலிபாபாவும் 40 திருடர்களும்'தான். 1956 படத்தில் பானுமதி அம்மா மார்ஜியானாவாக வந்து எம்.ஜி.ஆருக்கு ஈடாக நின்றார். ஆனாலும் தலைப்பில் இடமில்லை.

கதையில் அலிபாபா செய்ததென்ன? மரத்தில் ஒளிந்தான், மந்திரத்தைக் கேட்டான், பொன்னை அள்ளினான். அவ்வளவுதான். உயிரைக் காப்பாற்றியது அவள். திருடன் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டால், அக்கம்பக்கத்துக் கதவிலெல்லாம் அதே குறியை அவள் போடுகிறாள். அடுத்தவன் சிவப்பில் போட்டால் அவளும் சிவப்பில்.

அப்புறம் அந்த ராத்திரி. முப்பத்தெட்டு ஜாடி. ஒன்றில் எண்ணெய், முப்பத்தேழில் ஆள். சமையலறை விளக்கு அணைகிறது, வீட்டில் எண்ணெய் இல்லை. ஜாடியிலிருந்து கொஞ்சம் எடுக்கப் போகிறாள். உள்ளேயிருந்து ஒரு குரல்: "நேரமாச்சா?" நாமா இருந்தா என்ன செய்வோம்? ஊரையே கூட்டுவோம். அவள், "இன்னும் இல்லை, பொறு" என்கிறாள். அடுத்த ஜாடி, அதே கேள்வி, அதே பதில். முப்பத்தேழு தடவை! கடைசி ஜாடியில் எண்ணெயைக் கண்டு, முதலில் விளக்கை ஏற்றுகிறாள். அப்புறம்தான் அடுப்பு.

"கொதிக்கிற எண்ணெயைப் பிள்ளைக்குச் சொல்லலாமா" என்று எதிரணி கேட்டது. நியாயமான கேள்வி. ஊற்றினாள், திருடர்கள் ஒழிந்தார்கள் என்று ஒரு வரியில் தாண்டிப் போங்கள். அந்த "பொறு"வை மட்டும் வெட்டாதீர்கள்.

இன்னொன்றும் நம்மிடம் தொலைந்துபோச்சு. 'சீசேம்' என்பதை மாயச்சொல் என்றே நினைத்தோம். அது வேறொன்றுமில்லை, நம்ம எள்! அண்ணன் காசிம் குகைக்குள் மாட்டிக்கொண்டு வாற்கோதுமையே திற என்கிறான், வேறு வேறு தானியத்தையெல்லாம் கூப்பிடுகிறான், எள் மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. இந்த ஊர்க்காரனா இருந்தா, "மல்லாட்டையே திற" என்றிருப்பான். (சிரிப்பு) எள் என்று சொல்லிக்கொடுத்தால்தானே பிள்ளை சிரிக்கும்? தமிழாசிரியன் சும்மா இருப்பேனா? எள்ளும் நெய்யும் சேர்ந்தால் எண்ணெய். எள்ளில் திறந்த கதை எண்ணெயில் முடிகிறது. இந்த நயம் பிரெஞ்சில் கிடையாது, தமிழில் சும்மா கிடைக்கிறது. நாம் அதைச் சீசேம் என்று மூடி வைத்தோம்.

மர்ஜான் என்றால் அரபியில் பவளம். உங்கள் ஊர்ப் பவழக்குன்றில் இருப்பவர் அர்த்தநாரீசுவரர். உடம்பில் பாதியைப் பெண்ணுக்குக் கொடுத்தவர் ஊரில் நின்று கேட்கிறேன், தலைப்பில் பாதியைத் தரக்கூடாதா? அலிபாபாகூட அன்றிரவுக்குப் பிறகு அவளை அடிமைத்தளையிலிருந்து விடுவித்தார். தலைவனையும் அவள் தீர்த்துக்கட்டியதும் தம் மகனுக்கே மணம் முடித்தார்.

நடுவர் மணியை அடித்துவிட்டார். நானும் "இன்னும் இல்லை, பொறு" என்று சொல்லிப் பார்க்கலாம்; அவர் ஜாடிக்குள் இல்லையே! (சிரிப்பு)